ஒரு சுற்று முன்னால் அடித்த மணி

ஒரே வீட்டின் மாடியும் கீழ்த்தளமும் பேசிக்கொள்ளாமல் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இத்தனை வாரமாக இந்தக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி.

கீழே அக்கா. கண்ணாடிக் கடையில் கண்ணைப் பரிசோதித்து நம்பர் எழுதிக் கொடுப்பவர். சனி, ஞாயிறுகளில் சைக்கிள் பந்தயங்களுக்குத் தலைமை நடுவர். கடைக்குக் கண்ணைக் காட்ட வருகிறவர்கள்கூட அவரை நடுவரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாடியில் குடும்பத்தோடு தம்பி. ரொட்டிக் கடை வைத்திருக்கிறார், வயது நாற்பத்தெட்டு, சைக்கிள் பைத்தியம். இருவருக்கும் நடுவில் மாடிப்படி. மாடிப்படியில் அக்காவின் கணவர்.

அவர் பஸ் ஓட்டுகிறவர். போவதும் வருவதும் அவருக்குப் பழக்கம்தான்.

"மேல சொல்லுங்க, மோட்டார் போட்டிருக்கேன். தொட்டி நிரம்பினா சொல்லச் சொல்லுங்க" என்பார் மனைவி.

"கீழ சொல்லுங்க மாமா, அது அப்பவே நிரம்பிப் படியில வழியுதுன்னு" என்பார் தம்பி.

ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் நன்றாகவே விழும். இருந்தாலும் பஸ்காரர் ஒரு முறை திருப்பிச் சொன்னால்தான் அது சொன்னதாகக் கணக்கு.

எல்லாம் ஒரு தண்ணீர் பாட்டிலால் வந்தது. போன வருடப் பந்தயத்தில் தம்பி காலி பாட்டிலைச் சாலையோரம் வீசினார். வீசுவதற்கென்று குறித்த இடத்துக்கு முப்பதடி முன்னாலேயே வீசிவிட்டார். விதிப்படி இருபது விநாடி தண்டனை. நடுவரம்மா அந்த முப்பதடியை டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் எழுதினார். மூன்றாவதாக வந்த தம்பி ஒன்பதாவது ஆனார்.

"நீ எனக்கு அக்காவா, போலீஸா?" என்று கேட்டார்.

"இந்த இடத்துல ரெண்டும் இல்ல. நடுவர்" என்றார் அக்கா.

அதோடு பேச்சு நின்றது.

இந்த வாரம் இரண்டு நாள் பந்தயம். சனிக்கிழமை ஆளுக்கு ஆள் தனியாக ஓட்டுகிற போட்டி. நிமிடத்துக்கு ஒருவர் கிளம்ப வேண்டும். கிளப்பி விடுகிறவர் நடுவரம்மா. தம்பியின் முறை வந்தபோது இருவரும் இரண்டடி தள்ளி நின்றார்கள். அக்கா கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். தம்பி ஹேண்டில்பாரைப் பார்த்தார்.

"அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு" என்றார் அக்கா.

பதினோரு மாதத்தில் அவர் தம்பியிடம் நேரடியாகப் பேசியது அவ்வளவுதான்.

"கொஞ்சம் மொகத்தப் பார்த்து எண்ணக்கூடாதா மாமா? நான் என்ன விளக்குக் கம்பமா?" என்று தம்பி அன்று மாலை படியில் குறைப்பட்டுக்கொண்டார்.

"கடிகாரத்தப் பார்க்காம எண்ணினா தப்பாயிடும் மாப்ள" என்றார் பஸ்காரர். கீழே போய்க் கேட்டு வராமலே பதில் சொல்லும் அளவுக்கு அவர் தேறியிருந்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகிற சாலை. ஒரு சுற்று பன்னிரண்டு கிலோமீட்டர். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்து சுற்று.

இருபத்து மூன்று பேர் வரிசையாக நின்றார்கள். இருபத்து மூன்று வயிறுகளும் உள்ளே இழுக்கப்பட்டிருந்தன. முன்வரிசையில் தம்பி, முதுகில் நம்பர் பதினேழு. அவருக்குப் பக்கத்தில் பல் டாக்டர். ஒன்பது வருடமாகத் தம்பியை ஒரு சக்கர நீளத்திலாவது தோற்கடித்துவிட்டுப் போகிறவர். போகிற போக்கில் "ரொட்டியெல்லாம் எப்படிப் போகுது?" என்று விசாரிக்கவும் செய்வார். தோற்றதைவிட அந்த விசாரிப்புதான் தம்பியை அதிகம் குடையும்.

கடைசி வரிசையில் நூலகர். அறுபதைத் தொடுகிற வயது. அவருடைய சைக்கிளில் பின் சக்கரத்துக்கு மட்கார்டு இருந்தது. நடுவரம்மா எழுதிக்கொடுத்த கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"போடாம எப்படிங்க ஓட்டுவீங்க? உங்களுக்குப் பத்தடிக்கு மேல எழுத்து தெரியாதே" என்றார் நடுவரம்மா.

"போட்டா வேர்த்து மூடிக்குதும்மா. அப்ப பத்தடியும் தெரியல. சாலை பெருசுதானே, அது தெரியும்."

நடுவரம்மா விதிகளை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தார். கண்ணாடி போட வேண்டும் என்று எங்கும் இல்லை. விட்டுவிட்டார்.

நூலகருக்குப் பின்னால் ஒரு கார். எல்லாருக்கும் கடைசியில் போகிறவரின் பின்னாலேயே போய், முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு வர வேண்டிய கார். எல்லாரும் அதை வால் வண்டி என்பார்கள். அதை ஓட்டுகிறவர் நம் பஸ்காரர். விதி அவருக்கு ஒன்றே ஒன்று: கடைசி ஆளை விட்டு எதற்காகவும் நகரக்கூடாது. போன பந்தயத்தில் அவர் பழக்கதோஷத்தில் வழியிலிருந்த பஸ் நிறுத்தங்களில் எல்லாம் நிறுத்தி, ஒருமுறை ஒரு பாட்டியம்மாவை ஏற்றியும் விட்டார். அதற்கு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதால் இந்த முறை உஷாராக இருந்தார்.

விசில் ஒலித்தது. எல்லாரும் கிளம்பிப் போனார்கள்.

முடிவுக் கோட்டில் ஒரு மடக்கு மேஜை, அதற்கு மேல் பெரிய குடை, ஒரு டீ கேன், இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்று காட்டுகிற தாள் தாளாகப் புரட்டும் பலகை, கடைசிச் சுற்றுக்கு அடிக்கிற மணி. ஆள் பற்றாக்குறையால் பலகையும் மணியும் இரண்டுமே நடுவரம்மாவின் பொறுப்பு. சுற்றுகளைத் தாளில் கோடு போட்டு எண்ணுவது கிளப் செயலாளர். யாராவது குரலை உயர்த்தினாலே சமாதானம் பேசக் கிளம்பிவிடுகிற மனிதர்.

முதல் சுற்று முடிந்தது. பலகையில் நாலு. இரண்டாவது முடிந்தது. பலகையில் மூன்று. எல்லாம் ஒழுங்காகப் போனது.

ஒன்பது மணிக்கு மூன்றாவது சுற்றை முடித்துக்கொண்டு முன்னணி ஆட்கள் வந்தார்கள். ஆறு பேர். நடுவரம்மா புரட்டுவதற்குப் பலகையில் கை வைத்தார். பலகையில் இரண்டு வர வேண்டும்.

அப்போது அந்தக் கும்பலுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா..."

அதற்குப் பின்னால் ஏதோ ஒரு சொல் வந்தது. வேகத்தில் காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. நடுவரம்மாவுக்கு முதல் சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. பதினோரு மாதமாகப் படியில் 'கீழ சொல்லுங்க' என்று மட்டுமே கேட்ட குரல்.

என்ன நினைத்தார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. கை இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டியது. பலகையில் ஒன்று என்று வந்தது. ஒன்று என்று வந்தால் மணி அடிக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும். அடித்தது.

அடித்து முடிப்பதற்குள் குடை சாய்ந்தது. காற்று ஒரு தூக்குத் தூக்கியதில் கம்பு மேஜையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, செயலாளரை நாற்காலியோடு மூடியது. டீ கேன் கவிழ்ந்தது. செயலாளர் கோடு போட்டிருந்த தாள் டீயில் மிதந்தது. மேஜையிலிருந்த வாக்கி டாக்கி டீக்குள் குப்புற விழுந்து, ஒருமுறை கரகரத்துவிட்டு அடங்கியது.

குடைக்கு அடியிலிருந்து செயலாளரை வெளியே எடுத்து, அவருக்கு ஒன்றும் இல்லை என்று அவரையே நம்பவைப்பதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அந்த நேரத்தில் நூலகர் தன் மூன்றாவது சுற்றை முடித்துக்கொண்டு மெதுவாகக் கடந்து போனார். பின்னால் வால் வண்டி. பஸ்காரர் பலகையைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். வாக்கி டாக்கியில் கூப்பிட்டார், பதில் இல்லை. நிறுத்தவும் முடியாது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்.

"பலகைம்மா, பலகை!"

குடைக் கம்பைப் பிடித்துக்கொண்டிருந்த நடுவரம்மா, கணவர் ஏதோ பாராட்டுகிறார் என்று எண்ணிக் கையை ஆட்டினார்.

*

ஒன்பது இருபதுக்கு அவர்கள் வந்தார்கள்.

ஆறு பேர் நாலாகி, நாலு இரண்டாகி, கடைசி இருநூறு அடியில் தம்பியும் பல் டாக்டரும் மட்டும். இருவரும் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தார்கள். பல் டாக்டரின் சக்கரம் முன்னால். பிறகு இரண்டும் சமம். பிறகு தம்பி கழுத்தை நீட்டி, முழங்கையை மடக்கி, சைக்கிளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளினார்.

ஒரு கை நீளம். அவ்வளவு வித்தியாசத்தில் தம்பி ஜெயித்துவிட்டார்.

ஒன்பது வருடத்தில் முதல் தடவை. அவர் இரண்டு கையையும் தூக்கினார். தூக்கிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் அடுத்த வளைவுவரை அப்படியே போனார்.

திரும்பி வந்ததும் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். முதுகு நம்பரைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு வாழைப்பழத்தை உரித்தார்கள். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக முடித்து, நம்பரைக் கழற்றி, புல்லில் படுத்தார்கள். தம்பி, பல் டாக்டரைத் தேடிப் போனார்.

"பல்லெல்லாம் எப்படிப் போகுது டாக்டர்?" என்று விசாரித்தார்.

பல் டாக்டர் சைக்கிளில் பொருத்தியிருந்த, தூரம் காட்டும் சின்னக் கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தாளை வாங்கி, மடியில் வைத்து எழுதி, நேராக நடுவரம்மாவிடம் கொண்டுவந்து நீட்டினார்.

நடுவரம்மா அதைக் கிட்ட வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். கண் பரிசோதிக்கிறவருக்கே அந்த எழுத்து பிடிபடவில்லை.

"படிச்சுடுங்க டாக்டர்."

"ஆட்சேபம். அறுபது கிலோமீட்டர்னு அறிவிச்சீங்க. எல்லாரோட கருவியும் நாப்பத்தெட்டுதான் காட்டுது. ஒரு சுற்று குறைவு. மணி முன்னாடியே அடிச்சாச்சு. இந்த முடிவு செல்லாது."

நடுவரம்மா பலகையைப் பார்த்தார். அதில் ஒன்று என்று இருந்தது. தாள்களைப் பிரித்தார். மூன்றாம் எண் தாளும் இரண்டாம் எண் தாளும் டீயில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பரவாயில்லை என்று ஒரு கணம் ஆசைப்பட்டார். ஒட்டவில்லை. அழகாகப் பிரிந்து வந்தன.

இருபத்திரண்டு வருடமாக நடுவராக இருக்கிறார். ஒரு விநாடி தவறியதில்லை, ஓர் அடி தவறியதில்லை. இப்போது பன்னிரண்டு கிலோமீட்டர் தவறியிருக்கிறது.

செயலாளர் அவரை மெல்ல ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"நாலு சுற்றுன்னே வெச்சுக்கலாமே. மணி அடிச்சா கடைசின்னு எல்லாரும் நம்பித்தானே ஓட்டினாங்க. உங்க தம்பி நியாயமாத்தான் ஜெயிச்சாரு. டாக்டர நான் ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்தறேன்."

"மத்த யாராவது ஜெயிச்சிருந்தா அப்படி வெச்சுக்கலாமான்னு யோசிச்சிருப்பேன்" என்றார் நடுவரம்மா. "இல்ல, அப்பவும் வெச்சுக்க முடியாது. அறிவிச்ச தூரத்த முடிச்சாத்தான் பந்தயம் முடிஞ்சது. ஏழாவது விதி."

"அப்ப இன்னும் ஒரு சுற்று விடலாமா?"

"நம்பரக் கழட்டிட்டா பந்தயத்த விட்டுட்டதா அர்த்தம். பதினாலாவது விதி."

செயலாளர் கூடையைப் பார்த்தார். அதில் நம்பர்கள் ஒரு குவியலாகக் கிடந்தன. பல் டாக்டருடையது எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. ஆட்சேபம் எழுதும் அவசரத்தில் முதலில் கழற்றியவர் அவர்தான்.

"அப்ப யாருமே பந்தயத்த முடிக்கல" என்றார் செயலாளர்.

அந்த நேரத்தில் வளைவில் ஒரு மட்கார்டு மின்னியது.

நூலகர் வந்தார். முதுகில் நம்பர் இருந்தது. தலை குனிந்திருந்தது. புல்லில் படுத்திருந்தவர்களையும் வாழைப்பழத் தோல்களையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. பத்தடிக்கு மேல் எல்லாமே அவருக்கு ஒரே பச்சை. பின்னால் வால் வண்டியிலிருந்து குரல் கேட்டது.

"நாலு ட்ரிப் ஆச்சுங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு. விட்டுடாதீங்க."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு நூலகர் கோட்டைக் கடந்து போனார்.

எல்லாரும் அந்த மட்கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவரம்மா மணியின் கயிற்றைப் பிடித்தார். சரியான இடத்தில், சரியான ஆளுக்கு, கடைசிச் சுற்றின் மணியை அடித்தார்.

"பந்தயம் நடந்துட்டிருக்கு" என்று எல்லாரும் கேட்கிற மாதிரி அறிவித்தார். "ஓட்டத்துல ஒருத்தர் இருக்காரு. டாக்டரோட ஆட்சேபம் ஏற்றுக்கொள்ளப்பட்டது."

பல் டாக்டரின் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. அது பாதியில் நின்றது.

"அப்ப என்னோட ரெண்டாவது இடம்?"

"நீங்கதான் செல்லாதுன்னு எழுதியிருக்கீங்க. நீங்களே படிச்சும் காட்டினீங்க."

*

தம்பி தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறிவிப்பு அவர் காதிலும் விழுந்திருந்தது. ஆனாலும் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

நடுவரம்மா பழக்கத்தில் கணவரைத் தேடினார். கணவர் நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம், கடைசி ஆளின் பின்னால் இருந்தார். வேறு யாரையும் அனுப்புவதற்கில்லை. புல்லைத் தாண்டித் தானே நடந்து போனார்.

"உன்னோட முடிவு செல்லாது" என்றார்.

தம்பி நிமிர்ந்தார். "மாமா வந்து சொல்வாருன்னு பார்த்தேன்."

"தப்பு என்னோடது. நான்தான் சொல்லணும்."

"போன வருஷம் முப்பதடிக்காக என்னை ஒம்பதாவதாக்கின. இந்த வருஷம் ஜெயிச்சவன எதுவுமே இல்லாமப் பண்ணிட்ட. அடுத்த வருஷம் என்ன, சைக்கிளப் பிடுங்கிட்டு விட்டுடுவியா?"

"ஒன்பது வருஷம் கழிச்சு டாக்டர முந்தின. நான் பார்த்தேன். ஒரு கை நீளம். அத யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா எழுத முடியாது."

தம்பி துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்தார்.

"எப்படி அடிச்ச? நீ போய் எப்படித் தப்பா அடிப்ப? நீ எதுவுமே தப்பா எண்ண மாட்டியே. சின்ன வயசுல என் தட்டுல இருக்கிற பிஸ்கட்டக்கூட எண்ணி வைப்ப."

நடுவரம்மா சட்டையில் மாட்டியிருந்த விசிலைச் சரிசெய்தார்.

"நீ அக்கான்னு கூப்பிட்ட."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

தம்பிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அக்கா ஓரடி முன்னால் வந்தார். அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"குடைன்னு கத்தினேன். 'அக்கா, குடை'ன்னு. அது சாயறது தூரத்துலேருந்தே தெரிஞ்சுது. உன் தலையில விழுந்துடுமோன்னு..."

"எனக்கு மொதல் வார்த்தைதான் கேட்டுது."

"அப்ப குடைன்னு மட்டும் கத்தியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்."

"இல்ல. இன்னும் ஒரு சுற்று ஓட்டியிருப்ப. அதுல யாரு ஜெயிச்சிருப்பான்னு யாருக்கும் தெரியாது."

"இப்பக்கூட விட்டுக்கொடுக்க மாட்டியா நீ?" என்று கேட்டுக்கொண்டே தம்பி எழுந்தார். வாழைப்பழக் குலையில் மிச்சமிருந்த ஒன்றைப் பிய்த்துப் பாதியை அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டார். இருவரும் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று, நூலகருக்காகக் காத்திருந்தார்கள். நிறையப் பேசவில்லை. தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கிற மாதிரி ஒரு சாதனம் கிடைக்கிறதாம், வாங்கிப் போடலாம் என்று தம்பி சொன்னார். அக்கா சரி என்றார். அப்படி ஒன்று கிடைப்பது அக்காவுக்கும் எட்டு மாதமாகத் தெரியும். படி வழியாகச் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை.

பத்து மணியைத் தாண்டியபோது மட்கார்டு தெரிந்தது. புல்லில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து சாலையின் இரு பக்கமும் நின்றார்கள். கடைசி மேட்டில் நூலகரின் சைக்கிள் இடமும் வலமுமாக ஆடியது. தம்பிக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்ப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு, "மிதிங்க, மிதிங்க" என்று முதுகில் கை வைக்கப் போனார்.

விசில் பறந்தது.

"வெளியாள் தொடக்கூடாது. பதினொண்ணாவது விதி."

தம்பி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடினார்.

நூலகர் கோட்டைக் கடந்து, இரண்டு காலையும் ஊன்றி நின்று, மூச்சு வாங்கினார். பெட்டியிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். இருபத்திரண்டு பேர் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"எனக்காகவா எல்லாரும் காத்திருந்தீங்க? மன்னிச்சுக்கோங்க. இனிமே சீக்கிரம் வரப் பார்க்கறேன்."

"முதல் இடம், நம்பர் இருபத்து மூணு" என்று நடுவரம்மா அறிவித்தார். "ரெண்டாம் இடம் இல்ல. மூணாம் இடம் இல்ல."

கோப்பையைக் கையில் கொடுத்தபோது நூலகர் அதில் எழுதியிருந்ததைக் கிட்ட வைத்துப் படித்தார். முதல் பரிசு என்று இருந்தது. திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"இது தப்பா வந்திருக்கும்மா."

"இன்னிக்கு இது ஒண்ணுதான் தப்பில்லாம வந்திருக்கு" என்றார் நடுவரம்மா.

அவருக்கு நடந்ததைச் சொல்லிப் புரியவைத்தது பல் டாக்டர்தான். ஆட்சேபம் தன்னுடையது என்பதை மூன்று முறை சொன்னார். கோப்பையில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதுபோல நூலகரின் தோளில் கை போட்டுப் படமும் எடுத்துக்கொண்டார்.

*

வால் வண்டியிலிருந்து இறங்கிய பஸ்காரருக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. மனைவியும் மச்சினனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இடம்கூட இல்லை.

"மாமா, நீங்க இனிமே படியேற வேண்டாம்" என்றார் தம்பி.

"அப்ப எனக்கு என்ன வேலை?" என்றார் பஸ்காரர். குரலில் லேசான கவலை இருந்தது.

அக்கா மடியில் தாளை வைத்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துச் செயலாளரிடம் கொடுத்தார். செயலாளர் படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

"தலைமை நடுவர் ஒரு சுற்று முன்னதாக மணி அடித்தார். காரணம் கவனச் சிதறல். போட்டியாளர் எண் பதினேழு கூப்பிட்டது. தலைமை நடுவர் மீது விசாரணை நடத்தும்படி தலைமை நடுவர் கேட்டுக்கொள்கிறார்... இதெல்லாம் எதுக்குங்க? யாரும் கேக்கலையே."

"வேற யாராவது இப்படிப் பண்ணியிருந்தா நான் கேட்டிருப்பேன்."

"சரி. விசாரணை அடுத்த புதன் கழிஞ்சு வர்ற புதன்தான் வைக்க முடியும்." செயலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தேடிய பக்கம் வந்ததும் நிறுத்தி, தயங்கினார். "அதுவரைக்கும்... இதுல ஒண்ணு போட்டிருக்கு..."

"முப்பத்தி ஒண்ணாவது விதி" என்றார் நடுவரம்மா. அவர் முகம் வெளுத்துவிட்டது. எழுதும்போது அவருக்கு அது ஞாபகத்தில் இல்லை.

"என்ன விதி?" என்று கேட்டார் தம்பி.

செயலாளர் வாசித்தார். "விசாரணை முடியும்வரை, விசாரிக்கப்படுகிறவரும் சாட்சியும் பந்தயம் சம்பந்தப்பட்ட எதையும் தங்களுக்குள் பேசக்கூடாது."

"சாட்சி யாரு?"

"நீங்கதான். பதினேழு."

தம்பி அக்காவைப் பார்த்தார். அக்கா நகர்ந்து உட்கார்ந்தார். பெஞ்சில் இப்போது ஓர் ஆள் உட்காருமளவு இடம் இருந்தது.

"பந்தயத்தப் பத்தித்தானே பேசக்கூடாது?" என்றார் தம்பி. "அப்ப நான் வேற ஒண்ணு சொல்றேன். மூணு மாசமா உங்கிட்ட சொல்லணும்னு இருக்கேன்க்கா. குடை சாயலன்னாலும் இன்னிக்கு உன்ன எப்படியும் கூப்பிட்டிருப்பேன். வீட்ட விட்டு நாங்க..."

"இரு" என்று கையைக் காட்டினார் அக்கா. "அதுல பந்தயம் ஏதாவது வருதா?"

தம்பி வாயைத் திறந்தார். யோசித்தார். பொய் சொல்வதா வேண்டாமா என்று அவர் யோசித்தது எல்லாருக்கும் தெரிந்தது.

"கொஞ்சம் வருது."

"அப்ப சொல்லாத."

"அக்கா, ஒரு வாரத்துல முடிவு பண்ணணும். அந்தப் புதன்கிழமைவரைக்கும் தாங்காது."

"சொல்லாதேன்னு சொல்றேன்ல."

வீட்டை விட்டு நாங்கள் என்ற மூன்று சொற்களும் அங்கேயே நின்றன. அக்கா விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். பஸ்காரர் காரின் கண்ணாடியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"ஏங்க, உங்களுக்கு இது தெரியுமா?"

பஸ்காரர் துணியைப் பிழிந்தார். அதில் தண்ணீரே இல்லை.

"படியில சொன்னான்மா" என்றார். "ஆனா கீழ சொல்லுங்கன்னு சொல்லல."